எழுபத்து மூன்றாவது தொட்டியும் ஒரு பந்தக்காலும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தபோது பஞ்சாலை அம்மாளின் நோட்டுப் புத்தகத்தில் எழுபத்து இரண்டு கழிவுநீர்த் தொட்டிகள் இருந்தன. தொட்டிக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் வீட்டுக்காரர் பெயர், அதன் கீழே மனையின் வரைபடம், பிறகு அளவுகள்: வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு, எல்லைக் கல்லிலிருந்து எவ்வளவு, அக்கம்பக்கத்துக் கிணற்றிலிருந்து எவ்வளவு, கசடு உறிஞ்ச வரும் லாரி எங்கே நிற்கும், அதன் குழாய் தொட்டி வரை எட்டுமா. பக்கத்தின் அடியில், கழிவுநீர் அதிகாரி வந்து பார்த்துச் சரி சொன்ன நாள். எழுபத்து இரண்டு பக்கங்களிலும் அந்தக் கடைசி வரி நிரம்பியிருந்தது. சரி சொன்ன ஒன்றை இரண்டாம் முறை வந்து பாருங்கள் என்று அதிகாரியை அழைக்க வேண்டிய நிலை ஒருமுறைகூட வந்ததில்லை. இதைப் பஞ்சாலை யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்துவிடுவார்.

புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் தொட்டி பஞ்சாலை. பிறந்தது 1974இல், தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. கொஞ்சகாலம் நாற்றுமேடையில் பைகளில் மண் நிரப்பினார். முப்பது வயதில், விடிகாலை ஐந்தரைக்கு வரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, செனவாங்கில் கழிவுநீர்த் தொட்டி செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. செய்து முடித்த தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். ஒரு நாள் கழித்து வந்து, தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகள் அதையே பார்த்தார். அசையாத தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு.

தோட்ட நிர்வாகம் லயங்களை இடித்துவிட்டு, ஆறாம் டிவிஷனின் ஓரத்தில் பழைய தொழிலாளர்களுக்கு மனைகள் கொடுத்தபோதுதான் அந்த நிதானத்துக்கு வேலை வந்தது. அந்தப் பக்கம் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீடும் தன் தொட்டியைத் தானே புதைத்துக்கொள்ள வேண்டும். குழி தோண்டி நாலு சிமென்ட் வளையத்தை இறக்கி மூடிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணியவர்களின் மனுக்களெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. மலாய் மொழியில் அச்சிட்ட விதித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள் பஞ்சாலை. தோட்டத்து டிராக்டர் ஓட்டுநராக இருந்த அந்தோணிதாஸ் அப்போதுதான் பழைய பேக்ஹோ மண்வாரி ஒன்றை வாங்கியிருந்தார். இவர் அளக்க, அவர் தோண்ட, இருவருக்கும் தொழில் அமைந்தது.

தொட்டிக்கு இத்தனை சடங்கா என்று முணுமுணுப்பவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். “பொண்ணு பாக்க வர்றவங்க கூடத்தைப் பாப்பாங்க. மறுவீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை மொதல்ல எதைத் தேடுவாரு, நீங்களே சொல்லுங்க.”

எழுபத்து மூன்றாம் பக்கம் வீரமுத்துவினுடையது.

வீரமுத்து தோட்டத்தின் கடைசி மண்டோர், ஆட்களை வேலைக்கு ஏவிய கங்காணி. முப்பத்தெட்டு ஆண்டுகள் தோட்டத்து வீட்டில் இருந்தவர். அந்த வீட்டின் ஓர் ஆணிகூட அவருடையதாக இருந்ததில்லை. இப்போது சொந்த மனையில் மூன்று அறை வீடு எழுப்பியிருந்தார். மகள் ரோகினி சிரம்பானில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்தாள். அவள் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது: முதல் முறை ஊரடங்கால், இரண்டாம் முறை மாப்பிள்ளையின் தந்தை காலமானதால். பத்திரிகை மூன்றாம் தடவை அச்சாகி வந்தபோது வீரமுத்து தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மண்டபமும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். தன் மகள் தன் சொந்த மண்ணில்தான் மணையில் உட்கார வேண்டும். ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. முந்நூறு பேர். வீடு தயார். தொட்டிக்கு அதிகாரியின் சரி மட்டும் பாக்கி. அது கிடைக்காமல் கழிப்பறைக் குழாயைத் திறக்க முடியாது. கழிப்பறை இல்லாமல் முந்நூறு பேரைக் கூப்பிட முடியாது.

இடம் தேர்வதிலேயே ஒரு வாரம் போயிற்று. தெற்கே பக்கத்து வீட்டுக் கிணறு. மேற்கே சரிவு ஏறுகிறது. லாரி வருவதற்குச் சாலை பக்கம் மட்டுமே உண்டு. ஆக, தொட்டி வீட்டின் பக்கவாட்டில், அதிலிருந்து தெளிந்து வழியும் நீர் ஒரு குழாய் வழியாக முற்றத்தைக் கடந்து வடகிழக்கு மூலையில் உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். ஈசானிய மூலையிலா என்று கேட்டுவிட்டு வீரமுத்து இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் தாமாகவே வந்து, ஈசானியம் தண்ணீருக்கு உரிய மூலை என்றும், நல்ல தண்ணீரோ கெட்ட தண்ணீரோ தண்ணீர் தண்ணீர்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் மண் சோதனை நடந்தது. பஞ்சாலை முந்தின நாளே குழியை நனைத்து ஊறவிட்டு, மறுநாள் தண்ணீர் ஊற்றி, கோடு போட்ட குச்சியை நட்டு, கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடக்கும் நிலம் அது. ஓர் அங்குலத் தண்ணீர் இறங்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்று முறை ஊற்றியும் அதே கணக்கு. வீரமுத்து மூன்று முறை காப்பி கொண்டுவந்தார். மூன்றாம் முறை, “என்னா தங்கச்சி, நான் கொடுத்த காப்பிய நீ மூணு தடவ குடிச்சிட்ட, இந்த மண்ணு இன்னும் ஒரு வாய் குடிக்கலையே” என்றார். பஞ்சாலை சிரித்துக்கொண்டே இருபத்திரண்டு என்று எழுதி, அடியில் கோடு போட்டார். அந்த அளவுக்கு ஏற்பத்தான் உறிஞ்சு குழியை வழக்கத்தைவிட நீளமாக வரைந்தார்.

ஜூன் 2, வியாழக்கிழமை, அதிகாரி வந்து குழாயின் சரிவைப் பார்த்து, பள்ளத்தை மூடலாம் என்றார். பள்ளம் மூடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சுண்ணக்கோடு போட்டாயிற்று. புதன்கிழமை அதிகாரி திரும்ப வந்து கோட்டைப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

இடையில் திங்கட்கிழமை வந்தது. மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை; பந்தக்கால் நட நல்ல நாள். உறவுக்காரர்கள் காலையிலேயே கூடிவிட்டார்கள். சுமங்கலிகளில் ஒருவராகப் பஞ்சாலைக்கும் அழைப்பு இருந்தது. பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது கால் நட்டு முடிந்திருந்தது. மஞ்சள் துணியும் மாவிலைக் கொத்தும் கட்டிய மூங்கில், முற்றத்தின் ஈசானியப் பக்கம் நேராக நின்றது. எப்படி நட்டார்கள் என்பதைப் பின்னர் எல்லாரும் மாறி மாறிச் சொன்னார்கள். முதலில் இரண்டு இடத்தில் கடப்பாரை போட்டிருக்கிறார்கள். சரளையில் பட்டு அது எகிறியிருக்கிறது. அப்போது வீரமுத்துவின் அக்காள் மங்கம்மா, பாரோயிலிருந்து வந்தவர், காலால் தடவிப் பார்த்து, இங்கே மண் பூப்போல இருக்கிறது என்று ஓர் இடம் காட்டியிருக்கிறார். முழங்கால் ஆழத்தில் ‘டொக்’ என்று ஏதோ தட்டியதாம். கல் என்று நினைத்து இன்னும் இரண்டு குத்து ஓங்கிக் குத்தினார்களாம். அதன்பிறகு மூங்கில் வழுக்கிக்கொண்டு இறங்கியதாம்.

பஞ்சாலைக்கு இது ஒன்றும் அப்போது தெரியாது. கால் நிற்கும் இடம் மட்டும் மனத்தில் எதையோ உறுத்தியது. அதற்குள் மஞ்சள் நீர்க் குடத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளாக அவர் நவதானியம் தூவி, குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் மூன்று மூச்சில் காணாமற்போயிற்று.

“பூமாதேவி எப்படிக் குடிக்கிறா பாருங்கடி,” என்றார் மங்கம்மா. “வர்ற மாப்பிள்ளைக்கு ராசிலா.”

பெண்கள் குலவையிட்டார்கள். பஞ்சாலை குடத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஓர் அங்குலம் குடிக்கிற மண் அது. மூன்று மூச்சில் ஒரு குடம் குடிக்காது.

அவர் முதலில் தொட்டிக்குப் போய் மூடியைத் திறந்தார். சுண்ணக்கோட்டிலேயே தண்ணீர் நின்றது, உயிர் வந்தது. பிறகு உறிஞ்சு குழிக்கு முன்னால் இருக்கும் சோதனைப் பெட்டிக்குப் போய், பட்டுச் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்து, அதன் மூடியைத் தூக்கினார். பெட்டிக்குள் மஞ்சள் நீர் சுழன்று கொண்டிருந்தது. அதன்மேல் பச்சைப்பயறு ஒன்று மெதுவாக மிதந்து வந்து, மூலையில் ஒதுங்கி நின்றது.

வீரமுத்துவைத் தனியே அழைத்துச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அந்த முற்றத்தில் தனி என்று ஓர் இடம் இல்லை.

“அண்ணே, உங்க பந்தக்கால் என் குழாய்க்குள்ள நிக்குது.”

வீரமுத்து பெட்டியைப் பார்த்தார். பயற்றைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். மூன்று பத்திரிகை அச்சடித்த மனிதரின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. நட்ட கால் கல்யாணம் முடியும்வரை அசையக் கூடாது. அதைப் பிடுங்கிய கல்யாணத்தை அந்தத் தோட்டத்தில் எவரும் பார்த்ததில்லை, பார்க்க விரும்பவும் இல்லை.

மங்கம்மாதான் முதலில் தேறினார். மண்ணைப் போட்டு இறுக்கி மூடிவிட்டால் ஆபீசர் பூமிக்குள்ளா எட்டிப் பார்க்கப் போகிறார் என்று கேட்டார்.

“ஆபீசர் பாக்கமாட்டாரு அக்கா. ஞாயித்துக்கெழம முந்நூறு பேரு பாப்பாங்க,” என்றார் பஞ்சாலை. “தாலி கட்டுற நேரத்துல காலுக்கு அடியில இருந்து ஊத்து கெளம்பும். பன்னீர் தெளிக்க நீங்க வேற ஆளு வெக்க வேணாம்.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிலைமையை இலகுவாக்க எண்ணி அந்தோணிதாஸ் முன்வந்தார். “நான் வேணா புடுங்கவா? எங்க சாமி ஒண்ணும் சொல்லாதுலா.”

“உங்க சாமி சொல்லாது. நான் சொல்லுவேன். கைய வெச்சுப் பாரு அந்தோணி,” என்றார் வீரமுத்து.

அந்தோணிதாஸ் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அதுவரை வாசற்படியில் நின்ற ரோகினி இறங்கி வந்து தந்தையின் தோளைத் தொட்டாள். “வேணாம்ப்பா. கோயில்லயே வெச்சுக்கலாம். தேதி வேணும்னாலும் தள்ளி வெச்சுக்கலாம். தள்ளிப்போறது எனக்குப் பழகிப்போச்சு.”

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் பஞ்சாலையால் தாங்க முடியாததாக இருந்தது. தவறு தன்னுடையதும்தான் என்பது அவருக்குத் தெரியும். பள்ளத்தை மூடியபிறகு, குழாய் போகும் வழியில் நாலு முளையடித்துக் கயிறு கட்டியிருக்கலாம். கல்யாண வீட்டில் அது அழகாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எழுபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். விதிகள் அவருக்கு மனப்பாடம். குழாய் சரிவாகப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. திரும்பும் இடத்தில் சோதனைப் பெட்டி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லைக் கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் இவ்வளவு தள்ளி என்று இருக்கிறது. நேராகத்தான் போக வேண்டும் என்று எங்கும் இல்லை. காலைச் சுற்றிக்கொண்டு போனால் ஆறு மீட்டர்க் குழாய் ஏழு மீட்டர் நாற்பது ஆகும். தொட்டியின் வாய்க்கும் கடைசிப் பெட்டிக்கும் உயர வித்தியாசம் பதினைந்து சென்டிமீட்டர். அறுபதுக்கு ஒன்று என்ற சரிவு கெடாமலிருக்கப் பன்னிரண்டரை போதும். இரண்டரைச் சென்டிமீட்டர் மிச்சம்.

அவர் கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“கால் அங்கயே நிக்கட்டும். நான் குழாய நகத்துறேன்.”

ஆனால் சரி சொன்ன குழாயை மாற்றினால் அதிகாரியை மறுபடி அழைத்துத்தான் ஆக வேண்டும். பஞ்சாலை ஒரு கணம் தயங்கினார். பிறகு கைப்பேசியை எடுத்து, விடுமுறை நாளில் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, நடந்ததை உள்ளபடியே மலாயில் எழுதி அதிகாரிக்கு அனுப்பினார். எழுபத்து மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘இரண்டாம் பார்வை’ என்று தம் கையாலேயே எழுதினார்.

கால் நட்ட கையோடு பந்தல் கம்பிகளையும் நிறுத்திவிட்டதால் மண்வாரி உள்ளே வர வழியில்லை. கையால்தான் தோண்ட வேண்டும். அப்போதுதான் வீரமுத்துவுக்குள் இருந்த மண்டோர் விழித்துக்கொண்டார். பழைய தோட்டத்துக் காலைப் பிரட்டில் ஆள் எண்ணி வேலை பிரிப்பது போலப் படியில் ஏறி நின்று, உறவுக்காரர்களைப் பெயர் சொல்லி அழைத்து, இருவர் இருவராகப் பிரித்தார். பட்டு வேட்டிகள் கொடிக்குப் போயின. வீட்டில் இருந்த அரைக்கால் சட்டைகள், கைலிகள், பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போன பழைய கால்சட்டைகள் எல்லாம் வெளியே வந்தன. கோலா பிலாவிலிருந்து வந்திருந்த வீரமுத்துவுக்குச் சின்ன மாமனார் முறையானவர், தமக்கு ஒன்றும் பொருந்தாமல், மங்கம்மாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கடப்பாரை பிடித்தார். அதைப் பார்த்து ரோகினி காலையிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

பஞ்சாலை பட்டுச் சேலையோடு நூல் பிடித்தார். ஒவ்வோர் அடிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். உறவுக்காரர்களில் ஒருவரான பள்ளி ஆசிரியர் புவனேஸ்வரன் உற்சாகத்தில் ஒரு சாண் கூடுதலாகத் தோண்டிவிட்டார். மண்ணைப் போட்டு இடித்து அளவுக்குக் கொண்டுவரும்படி பஞ்சாலை சொன்னார். ஆழமாக இருந்தால் நல்லதுதானே என்று அவர் வாதாடினார்.

“பரீட்சையில ஒரு மார்க்கு கூடப் போட்டா நீங்க விட்டுருவீங்களா சார்? இடிங்க.”

சார் இடித்தார். அந்தோணிதாஸ் தம் கொட்டகையில் இருந்த இரண்டு சோதனைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றைத் தொட்டியின் வாயருகிலும் மற்றொன்றைத் திரும்பும் இடத்திலும் இறக்கினார். உடைந்த பழைய குழாயின் இரண்டு முனைகளும் வெட்டி மூடப்பட்டன. பந்தக்கால் அந்தத் துண்டுக்குள் அசையாமல் நின்றது. பொழுது சாய்வதற்குள் புதுக்குழாய் படுத்துவிட்டது. பள்ளத்தை மூடவில்லை, அதிகாரி பார்க்கும்வரை மூடக் கூடாது என்பது விதி. இந்த முறை பஞ்சாலை முளையடித்துக் கயிறு கட்டினார். மங்கம்மா அந்தக் கயிறு முழுக்க மாவிலை கட்டினார். அது அழகாகவே இருந்தது.

புதன்கிழமை அதிகாரியம்மா புவான் நோராய்னி வந்தபோது, பாலமாகப் போட்ட பலகைகள்மேல் நடந்துதான் முற்றத்தைக் கடந்தார். வீரமுத்துவின் குடும்பமே வாசலில் வரிசையாக நின்றது. அவர் தொட்டியின் சுண்ணக்கோட்டைப் பார்த்தார், தண்ணீர் அசையவில்லை. மூன்று பெட்டிகளையும் திறந்தார். சரிவை அளந்தார். ஒரு வாளித் தண்ணீரை வாயருகே ஊற்றி, அது திரும்பி, மூங்கிலுக்கு இரண்டு மீட்டர் தள்ளிப் பணிவாகச் சுற்றிக்கொண்டு கடைசிப் பெட்டிக்கு வந்து சேர்வதைப் பார்த்தார். பிறகு பந்தக்காலை நிமிர்ந்து பார்த்து, இதைப் பிடுங்குவதுதானே எளிது என்று மலாயில் கேட்டார்.

பஞ்சாலை விளக்கினார். விளக்கம் பாதியில் இருக்கும்போதே அதிகாரி தலையாட்டிவிட்டார். கோலா பிலாவில் தம் தாய்வழி ஊரில் வீடு கட்டும்போது முதலில் நடும் தூணுக்கும் துணி கட்டுவார்கள் என்றும், கட்டியபின் அதை அசைக்க எவருக்கும் கை வராது என்றும் சொன்னார். மாற்றிய வழியை வரைபடத்தில் வரைந்து கையொப்பமிட்டார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: கல்யாணம் முடிந்து கால் எடுத்ததும் உடைந்த குழாயையும் எடுத்துவிட்டு, மண் நிரப்பிப் படம் அனுப்ப வேண்டும்.

அதிகாரி ஊர்தியில் ஏறுமுன், கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும் என்று கேட்டு, சாப்பாட்டில் மாட்டிறைச்சி இருக்காது என்றாலும் கோழி உண்டு, அதுவும் ஹலால் கடையில் வாங்கியது என்று வீரமுத்து அவருக்கு உறுதியளித்தார். அவர் வருவதாகச் சொன்னார், சொன்னபடியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் என்று எழுதியிருந்த இடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மணவறையைப் பார்த்துக்கொண்டிருக்க, பஞ்சாலை மட்டும் கையில் அட்சதையோடு பந்தக்காலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் காய்ந்தே கிடந்தது. கெட்டிமேளம் கொட்டிய பிறகுதான் அட்சதை போட வேண்டும் என்ற நினைவே அவருக்கு வந்தது. கழுத்தில் புதுத் தாலியோடு ரோகினி தலை நிமிர்ந்து, கூட்டத்துக்குள் அவரைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.

புதன்கிழமை கால் எடுத்தார்கள். அந்தோணிதாஸ் உடைந்த குழாயை வெளியே இழுத்துக் கவிழ்த்தபோது, உள்ளே விழுந்து ஈரத்தில் கிடந்த நவதானியம் அத்தனையும் முளைவிட்டு, விரல் நீளத்துக்கு வெளிறிய தளிராக நின்றது. மங்கம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு, தான் இடம் காட்டியது தப்பில்லை என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். பஞ்சாலை மறுக்கவில்லை. பள்ளத்தை நிரப்பி, இடித்து, படம் எடுத்து அனுப்பினார்.

ஜூலையில் எழுபத்து நான்காவது பக்கம் தொடங்கியது. வீட்டுக்காரர் ஒரு வயதான தம்பதி, இரண்டு மகன்கள். பஞ்சாலை மனையை அளந்தார்; கிணறு எங்கே என்று கேட்டார்; லாரி நிற்கும் இடத்தைக் குறித்தார். பிறகு ஈசானிய மூலைக்குப் போய், அங்கே நின்று, பையன்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். சின்னவனுக்கு இன்னும் இல்லை என்றார்கள். அவர் வரைபடத்தில் அந்த மூலையில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டு, குழாயை அதற்கு இரண்டு மீட்டர் தள்ளி வரைந்தார்.